சும்மா இருக்கக் கற்ற கட்டைவிரல்

அந்த வீட்டில் துண்டுகள் மட்டும் விசித்திரமாகக் காய்ந்து கிடந்தன. குளியலறைக் கம்பியில் முறுக்கிய கயிறுபோலத் தொங்கும். தொட்டால் மொடமொடவென்று இருக்கும். ஒரு காலையில் அதில் ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்த கணவர், கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

"இது துண்டா, உப்புத்தாளா? தோல் உரியுது."

அவர் மனைவி சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, டம்ளரை இடது கையில் பிடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக அவர் பார்க்க வலது கையால் குடித்தவள். பேருந்து ஓட்டுகிறவருக்குப் பக்கவாட்டில் நடப்பதைப் பார்ப்பதுதான் பிழைப்பு. இதையும் பார்த்தார். ஆனால் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

சின்னவள் என்பது பெயரல்ல, வரிசை. இரண்டு பெண்களில் இளையவள். நாற்பத்தெட்டு வயதாகி, மகன் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் வீட்டில் அவள் சின்னவள்தான். முடி திருத்தும் வேலை பார்க்கிற பார்லரில் சின்னக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கதவைத் திறந்து, "சின்னக்கா இருக்காங்களா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் "அப்ப நாளைக்கு வர்றேன்" என்று போய்விடுவார்கள்.

அவள் வெட்டிய முடி வளர்ந்தாலும் வடிவம் கலையாது என்று கடையில் பேச்சு உண்டு. அதைவிடப் பெரிய பெயர் அவள் முடி உலர்த்தும் அழகுக்கு. ஒரு கையில் ட்ரையர், மறு கையில் உருளைச் சீப்பு. ஈர முடியைச் சீப்பில் சுற்ற வேண்டும், கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டைத் திருகி இழுக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். ஒரு தலைக்கு எத்தனை திருகல் என்று அவள் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் அன்றைக்கே பயந்திருப்பாள்.

வலி எந்த நாளில் வந்தது என்று சொல்ல முடியாது. முதலில் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு இருக்கும் இடத்தில், எறும்பு கடித்ததுபோல ஒன்று. பிறகு போத்தல் மூடியைத் திருகும்போது சுரீரென்றது. கெட்டிலைத் தூக்கும்போது முழங்கை வரைக்கும் ஒரு கம்பி இழுத்தது. போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தட்டினால் அதற்கும் வலி. சில சமயம் விரலை நகர்த்தினால் உள்ளே ஏதோ தட்டி நின்று, பிறகு விட்டுப் போகும். அந்த இடத்தில் பட்டாணி அளவில் மெத்தென்று ஒரு வீக்கமும் வந்துவிட்டது.

வேறு யாருக்காவது வந்திருந்தால் மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவியிருப்பார்கள். சின்னவள் அதைச் செய்யவில்லை. காரணம் அவளுடைய அம்மாவின் கைகள்.

அம்மாவுக்கும் இதே வயதில்தான் ஆரம்பித்தது. விரல் கணுக்கள் புடைத்தன, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பத்து வருடத்தில் சட்டைப் பொத்தானை அடுத்தவர் போட்டுவிட வேண்டும் என்றானது. அந்தக் காலத்தில் நல்ல வைத்தியம் எட்டவில்லை. நோய்க்கு என்ன பெயர் என்றுகூட வீட்டில் யாரும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் நோவு என்றே பேசி முடித்தார்கள். ஆனால் காரணம் மட்டும் சந்தேகமில்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வலிக்கிறது என்று அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள், அதனால் விரல்கள் அப்படியே உறைந்துவிட்டன.

இந்த முடிவைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தவள் அக்கா, பெரியவள். தபால் நிலையத்தில் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவள்; ஓய்வு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பாள். ஆளுக்கொரு கெட்டி ரப்பர் பந்து வாங்கித் தங்கைக்கு ஒன்றைக் கொடுத்து, ஒன்றைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். காத்திருக்க நேர்ந்த இடத்திலெல்லாம் அதை எடுத்துப் பிசைவாள். வாரம் தவறாமல் போன் வரும்.

"பந்து பிடிக்கிறியாடி?"

"பிடிக்கிறேன்க்கா."

"துண்டு பிழியுற பயிற்சி?"

"அதுவும்."

"விட்டுடாதே. கையைச் சும்மா வெச்சா துருப்பிடிச்சிடும். அம்மாவப் பார்த்தோமில்ல."

கை நன்றாக இருந்த காலத்தில் சின்னவள் இதில் பாதியும் செய்ததில்லை. வலி வந்த பிறகுதான் வெறியோடு செய்தாள். காலையில் பந்து, மாலையில் பந்து. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நனைந்த துண்டைப் பல்லைக் கடித்தபடி முறுக்குவாள். கண்ணில் நீர் முட்டும். மறுநாள் வலி கூடியிருக்கும். உறைய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிழிவாள். அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அக்கா. இன்னொரு ஜோடிக் கையை அவள் பார்க்க வேண்டாம் என்று இவளுக்கு இருந்தது.

இதே நேரத்தில்தான் கடையில் ஒரு பேச்சு எழுந்தது. பார்லர்காரம்மா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது கடை திறக்கப் போகிறார். அதை முழுக்க சின்னக்கா பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்ட மாத்திரத்தில் துள்ளியிருக்க வேண்டியவள், "யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரம் பார்லர்காரம்மா முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கத்திரிக்கோல் பிடிக்கும் கை இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் என்னவென்று சரி சொல்வது?

குட்டு உடைந்தது டீச்சரம்மாவின் தலையில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை முடியைக் கழுவி உலர்த்திக்கொள்ள வருகிறவர். பாதித் தலை முடிந்திருந்தது. சீப்பைத் திருகும்போது சின்னவளின் கட்டைவிரல் திடீரென்று விட்டுவிட்டது. சுற்றிய முடி பின்னால் சுருண்டு சிக்கிக்கொண்டது. அவிழ்க்கலாம் என்றால் விரலுக்குப் பிடிமானம் இல்லை.

"என்ன சின்னக்கா, மயிர்க்காலோட பிடுங்குற மாதிரி இருக்கு?"

"ஒரு நிமிஷம் டீச்சர்."

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு அஞ்சாவது நிமிஷம் இது. சீப்பு என் தலையிலேயே குடியிருக்கப் போகுதா? வாடகை கேப்பேன்."

கடையே சிரித்தது. பார்லர்காரம்மா வந்து, எண்ணெய் தொட்டு இழை இழையாக எடுத்துச் சீப்பை விடுவித்தார். மீதித் தலையையும் அவரே முடித்தார். டீச்சரம்மா போன பிறகு, துண்டுகள் அடுக்கும் சின்ன அறைக்குச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல மேடம். தூக்கத்துல அழுந்திடுச்சு."

"காட்டுங்கன்னேன்."

வீக்கத்தைப் பார்த்தவர், திட்டப்போகிறார் என்று இவள் நினைத்தால், சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"இதுதானா? நான் என்னமோ எதிர்க்கடைக்காரி உங்களக் கூப்பிட்டுட்டா, அதான் பிடி கொடுக்காம பேசுறீங்கன்னு ஒரு மாசமா வயிறெரிஞ்சிட்டு இருக்கேன். முதல்ல டாக்டரப் பாருங்க. புதுக் கடையப் பத்தி அப்புறம் பேசலாம்."

டாக்டரிடம் போனால் நோய்க்குப் பெயர் சொல்லிவிடுவார். பெயர் சொல்லிவிட்டால் அது வந்துவிட்டதாக ஆகிவிடும். இந்தக் கணக்கை அவள் பார்லர்காரம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நேராகக் குளியலறைக்குள் போனாள்.

அன்று கணவருக்கு முதல் ஷிஃப்ட்; சீக்கிரமே முடித்து வந்து வீட்டில் இருந்தார். உள்ளே முனகல் கேட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவளின் கையில் துண்டு. கண்களில் நீர். துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை. எல்லாம் ஏற்கெனவே பிழிந்தாயிற்று.

"இப்படிப் பிழிஞ்சா அந்தத் துண்டே அழுதிடும். என்னம்மா இது?"

"பயிற்சிங்க."

"வலிக்குதா?"

"வலிக்குது. அதனாலதான் பண்றேன்."

அவர் குளியலறை வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "பஸ்ஸுல அடியில கடகடன்னு சத்தம் கேட்டா நான் என்ன பண்ணுவேன்? டிப்போவுல விட்டு, கீழ படுத்துப் பாக்கச் சொல்லுவேன். இன்னும் வேகமா ஓட்டினா சத்தம் சரியாயிடும்னு மிதிப்பேனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததும் வந்துவிட்டது.

"அம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது."

அவர் துண்டை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, உதறி, கம்பியில் விரித்துப் போட்டார். "நாளைக்கு லீவு போடுறேன்" என்றார். அதோடு நிற்காமல் பெரியவளுக்கும் போன் செய்துவிட்டார் என்பது மறுநாள் கிளினிக் வாசலில்தான் தெரிந்தது. பெரியவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"நீ பயப்படுவேன்னு."

"இப்ப மட்டும் என்னவாம், ஆடிப் பாடிட்டு இருக்கேனா?"

டாக்டர் நிதானமானவர். கேள்விகளே நிறைய. இரண்டு கையிலுமா, ஒரு கையிலா? ஒன்றில்தான். விரல் கணுக்களில் வீக்கமா? இல்லை, மணிக்கட்டில் மட்டும். காலையில் எழுந்ததும் கைகள் இறுகிப்போய் வெகுநேரம் விரியாமல் இருக்கிறதா? இல்லை, காலையில்தான் கொஞ்சம் தேவலை. வேலை செய்யச் செய்யத்தான் கூடுகிறது. காய்ச்சல், உடல் சோர்வு, வேறு மூட்டு வலி? எதுவும் இல்லை. கீழே விழுந்து அடிபட்டதா? இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் டாக்டரின் முகம் தெளிந்துகொண்டே வந்ததை சின்னவள் கவனிக்கவில்லை. அவள் கவனம் முழுக்க அம்மாவைப் பற்றி எப்போது கேட்பார் என்பதில் இருந்தது. கடைசியில் அவளே சொன்னாள். டாக்டர் தலையசைத்தார்.

"எனக்கு இது வேற மாதிரிதான் தெரியுது. அம்மாவுக்கு அப்படி இருந்ததால ரத்தமும் பாத்துடலாம். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

முடிவு வரும்வரை அந்த வீட்டில் எல்லோரும் அளவுக்கு மீறி மரியாதையாக நடந்துகொண்டார்கள். கணவர் கேட்காமலே பாத்திரம் தேய்த்தார். பெரியவள் போனில் பந்தைப் பற்றி விசாரிக்கவில்லை. சின்னவள் மட்டும் யாரும் பார்க்காதபோது விரல்களை வெளிச்சத்தில் நீட்டி, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பார்க்கப் பார்க்கச் சாய்ந்த மாதிரியே இருந்தது.

சாயவில்லை. முடிவுகளைப் பார்த்துவிட்டு டாக்டர் முதல் வாக்கியத்திலேயே சொன்னார். "இது உங்க அம்மாவோட நோய் இல்லைம்மா."

"நல்லா பாத்தீங்களா?"

"ரத்தத்திலயும் இல்லை, கையிலயும் இல்லை. அவங்களுக்கு இருந்தது மூட்டுக்குள்ள வர்ற நோய். உங்க மூட்டு நல்லா இருக்கு. கட்டைவிரல இழுக்கிற தசைநாண் இருக்கே, அதுவும் அதோட உறையும் வீங்கியிருக்கு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பண்றவங்களுக்கு வரும். கைக்குழந்தையத் தூக்கித் தூக்கி இறக்குற அம்மாக்களுக்குக்கூட வரும். சரியாகக்கூடியது."

பெரியவள் மூக்கைச் சிந்தினாள். சின்னவளுக்கு அழுகை வரவில்லை. பசித்தது. பல நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி ஒரு பசி. "பக்கத்துல சாப்பிட ஏதாவது கிடைக்குமா?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டாள். அவர் சிரித்து, முதலில் பக்கத்து அறையில் பிசியோவைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

பிசியோதெரபி செய்யும் பெண்மணி சத்தமாகப் பேசுகிறவர். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் தோலுரித்த கையின் படம். சின்னவளின் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடச் சொன்னார். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக லேசாகச் சாய்த்தார். சின்னவள் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டாள்.

"அதேதான். மன்னிச்சுக்கோங்க, இந்த ஒரு தடவைதான். இனிமே நீங்களா இதை வீட்டில பண்ணிப் பாக்காதீங்க." பிறகு தன் பைஜாமாவின் இடுப்பு மடிப்பைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குள்ள நாடா ஓடுதில்ல? மடிப்பு தாராளமா இருந்தா வழுக்கிட்டு ஓடும். மடிப்பு வீங்கினா, நாடாவும் தடிச்சா, இழுக்கிறப்போ உரசும். உரச உரச இன்னும் வீங்கும். உங்க மணிக்கட்டுல நடக்கிறது அவ்வளவுதான். சரி, வீட்டில கைக்கு என்ன பண்ணினீங்க?"

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் நல்ல பதில் இருந்தது.

"விடாம பயிற்சி பண்றேங்க. காலையிலயும் சாயங்காலமும் பந்து பிடிக்கிறேன்."

"எந்தப் பந்து?"

பெரியவள் கைப்பையைத் திறந்து தன் பந்தை எடுத்து நீட்டினாள். பிசியோ அதை அழுத்திப் பார்த்தார். அது அமுங்கவில்லை.

"அப்புறம்?"

"ஈரத் துண்டைப் பிழிவேன். சொட்டு இல்லாம."

"வலிக்காதா?"

"வலிக்கும். வலிச்சா இன்னும் கொஞ்சம் இறுக்குவேன். கை உறைஞ்சிடக் கூடாதில்ல."

பிசியோ நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சிரிக்கலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. "அம்மா தாயே, பகலெல்லாம் கடையில சீப்பால திருகுறீங்க. வீட்டுக்கு வந்து அதே திருகலைத் துண்டுல பண்றீங்க. உங்க கைக்கு ராத்திரி ஷிஃப்டும் போட்டிருக்கீங்க. எப்படி ஆறும்?"

வாசலில் நின்ற கணவர் இருமினார். டிப்போ கதையை மறுபடி சொல்ல வாய் துறுதுறுத்தது. பெரியவளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

பெரியவள் எழுந்து நின்றாள். "எங்கம்மா கையைச் சும்மா வெச்சதாலதான் விரல் மடங்கிப் போச்சு. அதனாலதான் நான் இவள..."

"இல்லைங்க." பிசியோவின் குரல் இறங்கியது. "சும்மா வெச்சதால அந்த நோய் வரல. நோய் வந்ததாலதான் அவங்களால அசைக்க முடியல. மூட்டே வீங்கி, தேஞ்சு போற நோய் அது. இப்ப அதுக்கு நல்ல மருந்தெல்லாம் இருக்கு. அவங்க பந்து பிடிச்சிருந்தாலும் நின்னிருக்காது."

"அப்ப எங்கம்மா மேல தப்பு ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

பெரியவள் மெதுவாக உட்கார்ந்தாள். இருபது வருடமாகக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்ததாக நினைத்திருந்த ஒன்று, ஒரு நிமிடத்தில் இல்லாமல் போயிற்று. பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி, "இதையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றாள். பிசியோ பார்த்தார். கைகள் திடமாக இருந்தன. பந்தை யாராவது குழந்தைக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

வைத்தியம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஒரு பட்டை. இறுக்கிக் கட்டக் கூடாது, தாங்கினால் போதும். சில வாரம் சீப்பும் கத்திரியும் இல்லை. வலி கூடும்போது துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம். டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு. அழுத்தி நீவி விடுவது கூடவே கூடாது. பட்டையைக் கழற்றும் வேளைகளில் விரலை வலிக்காத அளவுக்கு மெல்ல அசைக்கலாம். வலி நன்றாக இறங்கிய பிறகுதான் பலம் ஏற்றும் பயிற்சி, அதுவும் பிசியோவின் கண்ணெதிரே. அப்படியும் இறங்காவிட்டால் அந்த உறைக்குள் ஒரு ஊசி போடுவார்கள்; பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். இடையில் விரல் மரத்துப்போனாலோ, அந்த இடம் சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தாலோ, படீரென்று ஏதோ அறுந்ததுபோல் ஆகி விரலைத் தூக்க முடியாமல் போனாலோ, நாள் பார்க்காமல் ஓடி வர வேண்டும்.

கிளினிக்குக்கு எதிரே இருந்த கடையில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சின்னவள் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள், இடது கையில் கரண்டி பிடித்து, மேலெல்லாம் சிந்திக்கொண்டு. துடைத்துவிட வந்த அக்காவின் கையைத் தட்டிவிட்டாள். பெரியவள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் ஒவ்வொரு பொருளும் கட்டைவிரலைக் கேட்டது. சாவி, குழாய், பால் உறை, ஜாடி மூடி, பற்பசை. கனமான பாத்திரத்தை விளிம்பில் விரலால் கவ்வித் தூக்காமல், இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்கப் பழகினாள். போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டினாள். கணவர் சமையலறையில் நுழைந்தார். அவர் தேய்த்த பாத்திரங்களில் எண்ணெய் இருந்தது. மறுபடி தேய்க்க இவள் கை பரபரக்கும்.

பெரியவள் போன் செய்வதை நிறுத்தவில்லை. கேள்விதான் மாறியிருந்தது.

"சும்மா இருக்கியாடி?"

"இருக்கேன்க்கா."

"உண்மையா? ஏதோ தட்டுற சத்தம் கேக்குது."

"அது அவருதான், வெங்காயம் நறுக்குறாரு."

"சரி. நீ பக்கத்துல போகாதே. போனா பிடுங்கி நறுக்குவே."

கடைக்குப் போனாள், ஆனால் முன்மேசையில் உட்கார்ந்தாள். வருகிறவர்களுக்கு நேரம் கொடுத்தாள், மற்றவர்கள் வெட்டுவதைக் கண்ணாடியில் பார்த்தாள். இத்தனை வருடமாகத் தலைகளை மட்டுமே பார்த்தவளுக்கு இப்போது கைகள் கண்ணில் பட்டன. உயரமான பெண்ணும் குள்ளமான பெண்ணும் நாற்காலியை ஒரே உயரத்தில் வைத்து வேலை செய்தார்கள். குள்ளமானவளின் முழங்கை காதுக்கு மேலே நின்றது. மொட்டையான கத்திரிக்கோலை ஒருத்தி கட்டைவிரலால் நெரித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து உலர்த்தும் தலைகளாக நேரம் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுக்கச் சொன்னதே முன்பு இவள்தான். கை சூடு ஆறாமல் இருந்தால் வேலை வேகமாக ஓடும் என்று.

நடுவில் ஒரு சறுக்கல். வலி பாதியாகக் குறைந்த தெம்பில், ஊற வைத்த துணி வாளியை ஒரு கையால் தூக்கிவிட்டாள். சுரீரென்று பழைய இடத்துக்கே போனது. அன்று முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ? விரல்களை மறுபடி வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். பிசியோவிடம் ஓடினாள்.

"ஆறிட்டு வர்ற இடத்துல வாளியத் தூக்கினா வேற என்ன ஆகும்? நோய் புதுசா வரல. வாளிதான் வந்துச்சு" என்றார் அவர். "படியிறங்குற மாதிரிதான் குறையும். ஒரு படி ஏறினதுக்காக மாடிக்கே போயிட்டோம்னு நெனைக்காதீங்க."

மூன்றாம் நாள் வலி பழையபடி இறங்கியது. அதன் பிறகு அவள் விரல்களை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. ஊசிக்கும் வேலை வைக்கவில்லை. ஆறாவது வாரம் டாக்டர் அதே சோதனையைச் செய்தபோது லேசாக இழுத்தது, அவ்வளவுதான். மெல்ல ஆரம்பிக்கலாம், ஒரு நாளைக்கு ஓரிரு தலை, உலர்த்தல் கடைசியில் என்று சொன்னார்.

அன்றே பார்லர்காரம்மாவிடம் போனாள்.

"புதுக் கடையப் பாத்துக்கிறேன் மேடம்."

"அப்பாடா!"

"இருங்க. நாற்காலியெல்லாம் மிதிச்சா ஏறி இறங்கணும். முழங்கை தூக்காம வெட்டுற உயரத்துக்கு அவங்கவங்க வெச்சுக்கட்டும். கத்திரிய மாசாமாசம் சாணை பிடிக்கணும். அடுத்தடுத்து உலர்த்துற தலை யாருக்கும் கொடுக்கக் கூடாது; நடுவுல ஒரு வெட்டு, இல்லைன்னா தலை கழுவுறது. ஒருத்தி கை வலிக்குதுன்னா அன்னிக்கே சொல்லணும், மறைச்சா நான் திட்டுவேன்."

"மறைச்சவங்க பேசுறாங்க, கேளுங்க! இது பார்லரா, ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கிற பார்லர்."

பார்லர்காரம்மா தன் முன்கையைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கும் இங்க கொஞ்ச நாளா இழுக்குது" என்றார். சின்னவள் அவரை அந்த வாரமே பிசியோவிடம் அனுப்பி வைத்தாள்.

முதல் தலை யாருடையது என்பதில் போட்டி இருந்தது. டீச்சரம்மா தனக்குத்தான் உரிமை என்றார். கணவர் விட்டுக்கொடுக்கவில்லை. "பிசகினா நான் தொப்பி போட்டுட்டு வண்டி ஓட்டிக்குவேன். அவங்க என்ன பண்ணுவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறைக்கு நடுவே நாற்காலியைப் போட்டார்கள். அவர் உயரம் அதிகம். முழங்கை தூக்க வேண்டியிருந்தது. தாழ்வான ஸ்டூலுக்கு மாற்றினாள். துணியைக் கழுத்தில் சுற்றினாள். கத்திரியை எடுத்ததும் கை ஒரு கணம் தயங்கியது. திறந்தாள், மூடினாள். வலியில்லை. முதல் கொத்து முடி அவர் தோளில் விழுந்தது. நரைத்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"உண்மையா?"

"நீங்க தலை ஆட்டுறதுதான் தொந்தரவு. சும்மா இருங்க."

வலது பக்கம் முடிந்தது. காதோரம் நேராக வந்திருந்தது. இடது பக்கத்துக்குப் போனவள் கட்டைவிரலில் லேசான சோர்வை உணர்ந்தாள். வலியல்ல, வேலை செய்த விரலின் அலுப்பு. முன்பானால் இதைப் பொருட்படுத்தாமல் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்திருப்பாள். இப்போது கத்திரியை மேசைமேல் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னாச்சு?" அவர் பதறித் திரும்பினார். ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் காடாகவும் இருந்த அந்தத் தலையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் ஆகல. கை ஓய்வு எடுக்குது."

"பாதித் தலையோட நான் எவ்வளவு நேரம் உக்காந்திருக்கணும்?"

"கொஞ்ச நேரம். அதுவரைக்கும் போய் காபி போட்டுட்டு வாங்க."

அவர் கழுத்தில் துணியோடு, தரையில் முடி உதிர்த்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைக்கப் போனார். அவள் எழுந்திருக்கவில்லை.